பணியிட உறவுகள் குறித்த தேசிய ஆய்வு: திட்டமிடலும் கருத்துக்கேட்பும்

நாடு முழுவதும் உள்ள பணியிடங்களில் நிர்வாகத்துக்கும் ஊழியர்களுக்கும் இடையிலான உறவு எப்படி இருக்கிறது என்று ஆய்வு நடத்த வேண்டும் என்றதும், புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது கேள்விப்பட்டியலைத்தான். அதைத் தொடுவதற்கு முன்பே ஆய்வின் தலையெழுத்து பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது. எதைப் பணியிடம் என்று கொள்கிறோம், யாரிடம் கேட்கிறோம், நேர்காணலுக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும், அந்த நிமிடங்களை யார் யார் பங்குபோட்டுக்கொள்கிறார்கள் என்பவைதான் அடிப்படை முடிவுகள். கருத்துக்கேட்பு என்பது, ஆய்வில் எதைக் கேட்கலாம் என்று சம்பந்தப்பட்ட அமைப்புகளிடம் முன்கூட்டியே யோசனை வாங்கி, அந்தப் பங்கீட்டை எல்லோர் கண்முன்னும் செய்வதற்கான வழி.

இந்த வகை ஆய்வுகளில் மூத்தது பிரிட்டனுடையது. 1980, 1984, 1990, 1998, 2004, 2011 என ஆறு சுற்றுகள் நடந்தன. பிந்தைய சுற்றுகளை இத்துறையில் ‘வெர்ஸ்’ என்ற சுருக்கப்பெயரால் குறிப்பிடுவார்கள். ஆஸ்திரேலியா 1990இலும் 1995இலும் இதே பாணியில் நடத்தியது. பிரான்சில் தொழிலாளர் அமைச்சகத்தின் புள்ளியியல் பிரிவு 1992-93 முதல் ‘ரெபோன்ஸ்’ என்ற ஆய்வை நடத்தி வருகிறது. கீழே வரும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் வெர்ஸ் ஆய்விலிருந்து எடுத்தவை.

முதலில் அலகை முடிவு செய்யுங்கள்

நிறுவனம் வேறு, பணியிடம் வேறு. ஒரே முதலாளியின் கீழ் ஒரே முகவரியில் நடக்கும் வேலை ஒரு பணியிடம். நூறு கிளைகள் உள்ள வங்கி ஒரு நிறுவனம்; ஆனால் நூறு பணியிடங்கள். வெர்ஸ் எடுத்துக்கொண்டது பணியிடத்தை. ஊழியரும் மேற்பார்வையாளரும் தினமும் முகம் பார்த்துக்கொள்ளும் இடம் அதுதான் என்பது காரணம்.

இந்த முடிவுக்கு ஒரு விலை உண்டு. சம்பளத்தைத் தலைமை அலுவலகம் தீர்மானித்திருக்கும். கிளை மேலாளருக்கு எவ்வளவு என்று தெரியும், எப்படி முடிவானது என்று தெரியாது. சட்டமும் பெரும்பாலும் நிறுவனத்தைத்தான் பார்க்கிறது. பிரிட்டனில் ஊழியர்களுக்குத் தகவல் தந்து கலந்தாலோசிக்க வேண்டும் என்ற விதிமுறை 2005 ஏப்ரலில் 150 பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்கு வந்தது. 2007இல் 100 பேர், 2008இல் 50 பேர் என்று வரம்பு இறங்கியது. இந்த எண்ணிக்கை முழு நிறுவனத்துக்கானது. 12 பேர் வேலை செய்யும் ஒரு கடை, 4,000 பேர் கொண்ட சங்கிலி நிறுவனத்தின் கிளையாக இருந்தால் விதிமுறைக்குள் வந்துவிடும். ஆகவே ‘இந்த முகவரியில் எத்தனை பேர்’, ‘நாடு முழுக்க இந்த நிறுவனத்தில் எத்தனை பேர்’ என்ற இரண்டையும் கேட்டே தீர வேண்டும். இரண்டாவதை விட்டுவிட்டால், சட்டத்தின் விளைவை அளக்க நினைப்பவர்களுக்கு அந்தத் தரவால் பயனில்லை.

அடுத்தது கீழ்வரம்பு. பிரிட்டனில் முதல் மூன்று சுற்றுகளிலும் 25 ஊழியர்களுக்குக் குறைந்த இடங்களை எடுக்கவில்லை. 1998இல் அது 10 ஆனது, 2004இல் 5. வரம்பைக் குறைப்பது நல்லதுதான். ஆனால் 1980 முதல் ஒப்பிட வேண்டுமானால் எல்லாச் சுற்றிலும் 25 பேருக்குக் குறையாதவற்றை மட்டும் வெட்டி எடுத்துத்தான் ஒப்பிட முடியும். புதிதாகத் தரவைக் கையாளுபவர்கள் மிக அதிகமாகச் சறுக்கும் இடம் இது. சின்ன இடங்களில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. அங்கே முதலாளியேதான் மேலாளர், கணக்கர், மனிதவளத் துறை எல்லாம். ‘உங்கள் குறைதீர்ப்பு நடைமுறை எழுத்து வடிவில் உள்ளதா’ என்று கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார். பொருந்தாத கேள்விகளைத் தாண்டிச் செல்லும் வழித்தடத்தை அவருக்காகக் கேள்விப்பட்டியலில் தனியாகப் போட வேண்டும்.

எதை விடுகிறோம் என்பதையும் எழுதி வையுங்கள். 2011 ஆய்வில் வட அயர்லாந்து இல்லை. விவசாயம், சுரங்கம் ஆகிய துறைகளும் இல்லை. ஐந்து பேருக்குக் குறைந்த இடங்களும் போனபின், பிரிட்டனின் பணியிடங்களில் 35 சதவீதம்தான் ஆய்வின் வட்டத்துக்குள் வந்தன. ஆனால் ஊழியர்களில் 90 சதவீதம் பேர் அந்த 35 சதவீதத்தில் இருந்தார்கள். இந்த இரண்டு எண்ணையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மூன்று தரப்பு, மூன்று கருவி

மேலாளரிடம் நேர்காணல், ஊழியர் பிரதிநிதியிடம் நேர்காணல், ஊழியர்களிடம் படிவம். 2011இல் 2,680 மேலாளர்கள், 1,002 பிரதிநிதிகள், 21,981 ஊழியர்கள் பதில் தந்தார்கள். ஊழியர் படிவம் 1998இல்தான் சேர்ந்தது. அதற்கு முன்பு ஊழியர்களின் மனநிலையையும் மேலாளர், பிரதிநிதி வாயால்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

யாரிடம் எதைக் கேட்பது என்பதற்கு எளிய சோதனை ஒன்று போதும்: பதில் சொல்பவர் அதை நேரில் அறிவாரா? கடந்த 12 மாதத்தில் எத்தனை பேர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள் என்பது மேலாளருக்கான கேள்வி; பதிவேட்டில் இருக்கும். வேலையால் எவ்வளவு பதற்றம் என்பது ஊழியருக்கான கேள்வி. நிர்வாகம் தரும் தகவல் போதுமானதா என்பது பிரதிநிதிக்கும் ஊழியருக்கும். ‘உங்கள் ஊழியர்கள் திருப்தியாக இருக்கிறார்களா’ என்று மேலாளரிடம் கேட்டால் கிடைப்பது மேலாளரின் மனநிலை.

சில விஷயங்களை வேண்டுமென்றே மேலாளர், பிரதிநிதி இருவரிடமும் கேட்க வேண்டும். நிர்வாகமும் ஊழியர் பிரதிநிதிகளும் சேர்ந்து உட்காரும் கூட்டுக் கலந்தாலோசனைக் குழு இருக்கும் இடங்களில் வெர்ஸ் கேட்ட கேள்வி நல்ல எடுத்துக்காட்டு. நிர்வாகம் பொதுவாக எப்படிக் கலந்தாலோசிக்கிறது: பிரச்சினைக்கு என்ன தீர்வு என்று கேட்கிறதா, சில வழிகளை முன்வைத்து அவற்றின் மேல் கருத்துக் கேட்கிறதா, தான் விரும்பும் ஒரே வழியைக் காட்டி அதன் மேல் கருத்துக் கேட்கிறதா? ஒரே பணியிடத்தில் மேலாளர் முதலாவதையும் பிரதிநிதி மூன்றாவதையும் தேர்ந்தால், அதைப் பிழை என்று திருத்தப் போகாதீர்கள். அந்த இடைவெளிதான் ஆய்வின் விளைச்சல். தரவைச் சுத்தம் செய்யும் குழுவுக்கு இதை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ‘முரண்பாடு’ என்று குறியிட்டு, ஒரு பக்கத்துக்கு ஏற்ப மறுபக்கத்தை மாற்றிவிடுவார்கள்.

இன்னொரு பயனுள்ள உத்தி: ‘உங்கள் ஊழியர்களுக்கு’ என்று பொதுவாகக் கேட்டால், அலுவலகத்தில் இருப்பவரை நினைத்துப் பதில் சொல்வதா, கிடங்கில் இருப்பவரை நினைத்தா என்று மேலாளர் குழம்புவார். அதனால் மேலாளர் அல்லாதவர்களில் எண்ணிக்கையில் மிகப் பெரிய தொழில் பிரிவை முதலில் அடையாளம் கண்டு, பயிற்சி, வேலைச் சுதந்திரம் போன்ற கேள்விகளை அந்தப் பிரிவைக் குறித்தே கேட்பார்கள். படத்தின் ஒரு பகுதிதான் கிடைக்கும். ஆனால் அந்தப் பகுதி தெளிவாக இருக்கும்.

நிமிடக் கணக்கு

மேலாளர் நேர்காணல் 90 நிமிடத்தைத் தாண்டினால் ஆபத்து. அது சராசரி என்பதையும் மறக்க வேண்டாம். தொழிற்சங்கம், கூட்டுக்குழு, பலவகை ஊழியர்கள் எல்லாம் உள்ள பெரிய இடத்தில் நேரம் கூடும். அங்கேதான் மேலாளருக்கு நேரமும் குறைவு.

தோராயமாக, ஆம்-இல்லை வகைக் கேள்விகள் நிமிடத்துக்கு மூன்று நான்கு போகும். பத்து வரி கொண்ட அட்டவணைக் கேள்விக்கு இரண்டு நிமிடம். பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டிய எண்ணிக்கைக் கேள்வி ஒன்றே ஒன்று மூன்று நிமிடத்தை விழுங்கும். எனவே ஆண்-பெண் எண்ணிக்கை, பகுதிநேர ஊழியர், தொழில் பிரிவு வாரியான எண்ணிக்கை ஆகியவற்றைத் தனித்தாளாக்கி நேர்காணலுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். அந்தத் தாள் நிரப்பப்படாமல் கிடந்தால், நேர்காணலின் முதல் இருபது நிமிடம் அலமாரியில் கோப்புத் தேடுவதில் போய்விடும்.

90 நிமிடத்தில் முந்தைய சுற்றோடு ஒப்பிடக் காக்க வேண்டிய தொடர்கேள்விகளுக்கு 60, அறிமுகம், அனுமதி, ஊழியர் பட்டியல் எடுப்பதற்கு 10 என்று வைத்தால், புதியவற்றுக்கு மிஞ்சுவது 20. அறுபது எழுபது கேள்விகள். கருத்துக்கேட்பில் வரும் கோரிக்கைகள் இதைவிடப் பல மடங்கு இருக்கும். இந்தக் கணக்கைக் கருத்துக்கேட்பு ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே போட்டுவிட வேண்டும். இதை மறைத்துவிட்டு ‘உங்கள் யோசனைகளை வரவேற்கிறோம்’ என்று அழைத்தால் கடைசியில் எல்லோரையும் ஏமாற்றியது போலாகும்.

கருத்துக்கேட்பை எப்படி நடத்துவது

களப்பணி தொடங்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். குறைந்தது 18 மாதம் முன்பு வழிகாட்டுக் குழு அமைய வேண்டும். பணம் போடுபவர்கள், புள்ளியியலாளர்கள், தரவைப் பயன்படுத்தும் ஆய்வாளர்கள் இதில் இருப்பார்கள். பிரிட்டனில் அரசுத் துறை, தொழில் தகராறுகளில் சமரசம் செய்யும் ஏகாஸ் அமைப்பு, சமூக ஆய்வுகளுக்கு நிதி தரும் மன்றம் போன்றவை சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொண்டன. பலர் பணம் போடுவதில் ஒரு நன்மை உண்டு: ஆட்சியில் இருப்பவருக்குப் பிடிக்காத கேள்வியைத் தனி ஒருவர் தூக்கிவிட முடியாது.

15 மாதம் முன்பு கருத்துக்கேட்பு ஆவணம் வெளியாக வேண்டும். பதிலுக்கு 12 வாரம் கொடுங்கள். தொழிற்சங்கங்களும் முதலாளிகள் கூட்டமைப்புகளும் உறுப்பினர்களைக் கேட்டுத்தான் பதில் தருவார்கள். நான்கு வாரம் என்று போட்டால் அலுவலகத்தில் இருக்கும் ஒருவரின் சொந்தக் கருத்துதான் வரும். விடுமுறைக் காலத்தில் தொடங்குவதும் அப்படியே.

யாரைக் கேட்பது? தேசியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு, பெரிய முதலாளிகள் அமைப்பு, சிறுதொழில் அமைப்பு, மனிதவள மேலாளர்கள் சங்கம், சமரச அமைப்பு, அரசின் சம்பந்தப்பட்ட துறைகள், தேசியப் புள்ளிவிவர அலுவலகம், பல்கலைக்கழக ஆய்வாளர்கள். சிறுதொழில் அமைப்பைத் தனியாக அழையுங்கள். பெரிய முதலாளிகள் அமைப்பு அவர்களுக்காகவும் பேசிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். கடந்த சுற்றில் நேர்காணல் எடுத்தவர்களையும் உட்கார வைத்துக் கேளுங்கள். எந்தக் கேள்வியில் மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

யோசனை சொல்பவர் நிரப்ப ஒரு பக்கப் படிவம் போதும். அதில் கேட்க வேண்டியவை: எதை அறிய விரும்புகிறீர்கள், அந்தத் தகவல் எந்த முடிவுக்கு அல்லது ஆய்வுக்குப் பயன்படும், மூன்று தரப்பில் யாரிடம் கேட்க வேண்டும், முந்தைய சுற்றில் இருந்ததா, தொழிலாளர் கணக்கெடுப்பு, ஊதியக் கணக்கெடுப்பு போன்ற வேறு ஆய்வில் இது கிடைக்காதா, இதற்காக எந்தக் கேள்வியை எடுத்துவிடலாம். கடைசிக் கேள்வியைக் கட்டாயமாக்குங்கள். பலர் காலியாக விடுவார்கள், சிலர் எதிர்த்தரப்பின் கேள்வியை எடுக்கச் சொல்வார்கள். இரண்டுமே உங்களுக்குத் தகவல்தான்.

ஒரு கோரிக்கை எப்படிக் கேள்வியாகிறது என்று பார்ப்போம். ‘ஊழியர்களை மின்னணு முறையில் கண்காணிப்பது பற்றிக் கேளுங்கள்’ என்று ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இதை அப்படியே கேள்வியாக்கி ‘இங்கே மின்னணுக் கண்காணிப்பு உண்டா’ என்று கேட்டால் பாதிப்பேர் இல்லை என்பார்கள். நுழைவு அட்டை நேரத்தைப் பதிகிறது, வண்டியில் இடங்காட்டி இருக்கிறது, கணினி விசைத் தட்டல்களை எண்ணுகிறது. ஆனால் மேலாளர் இவற்றைப் பாதுகாப்பு என்றோ கணக்கு என்றோதான் நினைக்கிறார். எனவே பொதுச்சொல்லை விட்டுவிட்டு, கருவிகளைப் பட்டியலிட்டு ‘இவற்றில் எவை இங்கே இருக்கின்றன’ என்று கேட்க வேண்டும். அடுத்து, ‘அந்தப் பதிவுகளை ஊழியரின் செயல்திறனை மதிப்பிடப் பயன்படுத்துகிறீர்களா’ என்று ஒன்று. ஊழியர் படிவத்தில் ‘உங்கள் வேலை குறித்து என்னென்ன பதிவு செய்யப்படுகிறது என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்களா’ என்று ஒன்று. மேலாளர் நேர்காணலில் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம், ஊழியர் படிவத்தில் ஒரு வரி. இந்த விலையைக் கோரிக்கை வைத்தவரிடம் சொல்லி, இன்னும் வேண்டுமா என்று கேளுங்கள்.

வந்தவற்றைத் தரம் பிரிக்கும்போது எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ணாதீர்கள். ஒரே அமைப்பின் முப்பது கிளைகள் ஒரே கடிதத்தை அனுப்பும். பயன், வேறெங்கும் கிடைக்காத தன்மை, பதிலளிப்பவருக்குத் தெரியக்கூடியதா, முந்தைய சுற்றுகளோடு தொடர்ச்சி ஆகிய நான்கையும் வைத்து இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, பிறகு ஒப்பிட வேண்டும். தொடர்ச்சி உள்ள கேள்விக்கு மாற்று வாக்கியம் கேட்டு வருவார்கள். ‘இப்போது யாரும் இப்படிப் பேசுவதில்லை’ என்பார்கள், நியாயமாகவும் இருக்கும். ஆனால் வாக்கியத்தை மாற்றினால், மாறியது உலகமா கேள்வியா என்று பிறகு சொல்ல முடியாது. மாற்றியே ஆக வேண்டுமென்றால், மாதிரியில் பாதிப்பேருக்குப் பழையதையும் பாதிப்பேருக்குப் புதியதையும் கேட்டு வித்தியாசத்தை அளந்து வையுங்கள்.

முடிவுகளைக் காரணத்தோடு எழுதி எல்லோருக்கும் திருப்பி அனுப்புங்கள். ‘சேர்க்கவில்லை: ஊதியக் கணக்கெடுப்பில் கிடைக்கிறது’ என்ற ஒற்றை வரி போதும். பதில் கிடைக்காத அமைப்பு, களப்பணி நேரத்தில் தன் உறுப்பினர்களை ஒத்துழைக்கச் சொல்லாது.

மாதிரியும் எடையும்

முகவரிப் பட்டியல் எங்கிருந்து வருகிறது? பிரிட்டனில் அரசுத் துறைகளின் பொது வணிகப் பதிவேட்டிலிருந்து எடுத்தார்கள். எந்தப் பதிவேடாக இருந்தாலும் மூடிய இடங்கள், இடம் மாறியவை, ஒரே முகவரியில் இரண்டு பதிவு எல்லாம் இருக்கும்.

சின்ன இடங்கள் எண்ணிக்கையில் மிக அதிகம், பெரியவை குறைவு. எளிய சமவாய்ப்பில் எடுத்தால் பெரிய இடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான் வரும். எனவே அளவு, துறை வாரியாகப் பிரித்து, பெரியவற்றை அதிக விகிதத்தில் எடுப்பார்கள். அதன்பின் எடையிடாமல், அதாவது மாதிரியில் உள்ள ஒவ்வொரு இடமும் உண்மையில் எத்தனை இடங்களுக்குப் பதிலாக நிற்கிறது என்பதைக் கணக்கில் சேர்க்காமல், சதவீதம் போட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பாருங்கள். 3,00,000 சின்ன இடங்களில் ஆயிரத்துக்கு ஒன்றாக 300. 5,000 பெரிய இடங்களில் இருபதுக்கு ஒன்றாக 250. சின்னவற்றில் 10 சதவீதத்திலும் பெரியவற்றில் 90 சதவீதத்திலும் ஒரு நடைமுறை இருக்கிறது. எடையில்லாமல் கணக்கிட்டால் 550இல் 255, அதாவது 46 சதவீதம். எடையோடு கணக்கிட்டால் 3,05,000 பணியிடங்களில் 34,500, அதாவது 11 சதவீதம். சின்ன இடத்தில் சராசரி 7 பேர், பெரியதில் 1,000 பேர் என்றால், அந்த நடைமுறை உள்ள இடத்தில் வேலை செய்யும் ஊழியர்கள் 66 சதவீதம். முதல் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. மற்ற இரண்டும் சரி. ஆனால் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். அறிக்கையில் ஒவ்வொரு சதவீதத்தின் பக்கத்திலும் அது பணியிடங்களின் சதவீதமா, ஊழியர்களின் சதவீதமா என்று எழுதாமல் விட்டால் செய்தித்தாள் தனக்குப் பிடித்ததைப் போட்டுக்கொள்ளும்.

சோதனையும் களமும்

கேள்விகளை முதலில் பத்திருபது பேரிடம் சொல்லிக்காட்டி, எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு முழு நடைமுறையோடு சிறிய முன்னோட்டம். அதில் பார்க்க வேண்டியது கேள்வியை மட்டுமல்ல; அனுமதிக் கடிதம் யார் மேசைக்குப் போனது, பிரதிநிதியைச் சந்திக்க மேலாளர் விட்டாரா, ஊழியர் பட்டியல் கிடைத்ததா என்பதையும்.

ஊழியர் படிவத்துக்கு ஒரு பணியிடத்தில் 25 பேர் வரை சமவாய்ப்பில் தேர்ந்தெடுப்பார்கள். 25 அல்லது அதற்குக் குறைவானவர்கள் இருந்தால் எல்லோருக்கும் கொடுப்பார்கள். பட்டியலை வாங்கித் தேர்ந்தெடுக்க வேண்டியது நேர்காணல் எடுப்பவர். ‘நானே 25 பேரிடம் கொடுத்துவிடுகிறேன்’ என்று மேலாளர் சொன்னால் பணிவாக மறுத்துவிடுங்கள். நல்லபிள்ளைகளுக்குத்தான் படிவம் போகும். நிரப்பிய படிவம் ஒட்டிய உறையில் நேரடியாக ஆய்வு நிறுவனத்துக்குப் போக வேண்டும். மேலாளர் அறையில் ஒரு பெட்டி வைத்தால், அதைப் பார்த்த மாத்திரத்தில் பதில்களின் நிறம் மாறிவிடும்.

பதில் விகிதத்துக்கு நிதானமான எதிர்பார்ப்பு வையுங்கள். வெர்ஸ் மேலாளர் நேர்காணலில் 1998இல் 80 சதவீதம், 2004இல் 64, 2011இல் 46. பழைய விகிதத்தை வைத்துப் பட்ஜெட் போட்டால் பாதி வழியில் முகவரிகள் தீர்ந்துபோகும். 2011 சுற்றின் களப்பணி 2011 மார்ச்சில் தொடங்கி 2012 ஜூன் வரை நீண்டது. இவ்வளவு நீளும்போது ‘கடந்த 12 மாதத்தில்’ என்ற சொற்றொடர் ஒவ்வொருவருக்கும் வேறு 12 மாதத்தைக் குறிக்கும். நேர்காணல் தேதியைத் தரவில் கட்டாயம் வையுங்கள்.

முந்தைய சுற்றில் இருந்த பணியிடங்களுக்கே திரும்பப் போவது தனி வேலை. 2011இல் 2004ஆம் ஆண்டுப் பணியிடங்களில் 989 மீண்டும் நேர்காணல் தந்தன. முதலாளி மாறினால் அதே இடமா, முகவரி மாறினால் அதே இடமா, இரண்டாகப் பிரிந்தால் எது தொடர்ச்சி என்பதற்கான விதியைக் களத்துக்குப் போகும் முன்பே எழுதி வைக்க வேண்டும். மூடிப்போனவற்றையும் தேடிப் பதிவு செய்யுங்கள். உயிரோடு இருப்பவற்றை மட்டும் ஒப்பிட்டால் எல்லாமே நன்றாக நடப்பதாகத் தோன்றும்.

தரவு வெளியீட்டைப் பற்றிய வாக்குறுதியைக் கருத்துக்கேட்பிலேயே கொடுக்க வேண்டியிருக்கும். பெரிய பணியிடத்தைத் துறை, பகுதி, ஊழியர் எண்ணிக்கை ஆகிய மூன்றை வைத்தே கண்டுபிடித்துவிட முடியும். பொதுக் கோப்பில் துறையைப் பெரும்பிரிவாகச் சுருக்கி, பகுதியை எடுத்துவிட்டு, நுணுக்கமான கோப்பை உறுதிமொழி தரும் ஆய்வாளர்களுக்குத் தனி நிபந்தனையில் கொடுங்கள். எந்தக் கேள்வி எந்தச் சுற்றில் எந்த வாக்கியத்தில் கேட்கப்பட்டது என்ற பட்டியலையும், நீக்கிய கேள்விகளின் காரணப் பதிவேட்டையும் தரவோடு சேர்த்தே ஒப்படையுங்கள். அடுத்த சுற்றின் வழிகாட்டுக் குழு முதல் கூட்டத்தில் கேட்கப்போவது அந்தப் பதிவேட்டைத்தான்.